கேள்விக்காரி

காலை ஒன்பது நாற்பதுக்கு ஜெசிந்தாவின் கைபேசி அடுத்தடுத்து மூன்று முறை அதிர்ந்தது. ஒருமுறை அதிர்ந்தால் பச்சை, இரண்டு முறை என்றால் மஞ்சள், மூன்று என்றால் சிவப்பு. வாயில் வைத்த இட்லியை விழுங்குவதற்குள் திரையில் விவரம் வந்துவிட்டது. மித்ராஸ்ரீயின் குழந்தை, ஆண், பிறந்து நாற்பத்தெட்டாம் நாள், வீட்டுவசதிக் குடியிருப்பு, 'சி' பிளாக், மூன்றாம் மாடி. மதிப்பெண் எண்பத்தொன்று. இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குக் கொண்டுவரவும்.

இந்த மதிப்பெண்ணைப் போடுவது ஓர் இயந்திர மூளை. அரசாணையில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. 'மறுசேர்க்கை முன்கணிப்பு' என்று தொடங்கி, படிப்பவருக்கு மூச்சு வாங்கும்வரை போகும். செவலக்கோட்டை பச்சிளங்குழந்தை மருத்துவமனையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தாய்மார்கள் வைத்த பெயர் கேள்விக்காரி.

குறைமாதத்தில் எடை குறைவாகப் பிறந்து, தேறி வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு குழந்தையின் காலிலும் மெல்லிய பட்டை ஒன்றைக் கட்டி அனுப்புவார்கள். அதைக் கொலுசு என்பார்கள். கொலுசு உடம்புச் சூட்டையும் மூச்சையும் நாடித்துடிப்பையும் சொல்லும். குடித்த பாலை மட்டும் அதனால் சொல்ல முடியாது. புட்டி என்றால் கோடு பார்த்து அளந்துவிடலாம், தாயின் மார்பில் ஏது கோடு? அதனால் கேள்விக்காரி தினமும் மூன்று வேளை தாயின் கைபேசிக்குக் கூப்பிட்டு, "அம்மா, பாப்பா நல்லா பால் குடிக்குதா?" என்று கேட்கும். பதிலையும் குரலையும் கொலுசு சொன்னதோடு சேர்த்துப் பார்த்து, இந்தக் குழந்தை முப்பது நாளுக்குள் மறுபடி மருத்துவமனைக்கு வருமா என்று நூற்றுக்கு ஓர் எண் போடும். எழுபதைத் தாண்டினால் வருகிறவரை காத்திருக்கக் கூடாது, போய்த் தூக்கிவந்துவிட வேண்டும். தூக்கி வருகிற வேலை நர்ஸ் ஜெசிந்தாவுடையது.

அந்த வேலையில் அவள் ஒருநாளும் தாமதித்ததில்லை. கேள்விக்காரி வருவதற்கு முந்தைய டிசம்பரில், வீட்டுக்குப் போன ஒரு பெண்குழந்தையை அவள் பார்க்கப் போயிருக்க வேண்டிய நாள் இருபத்தைந்தாம் தேதியாக அமைந்துவிட்டது. கோவிலில் ஆராதனை, வீட்டில் விருந்தாட்கள். நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். மறுநாள் போனபோது தொட்டில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தார்கள். குளிர் தாங்கவில்லை என்றார்கள். அவளை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு ஆறவே இல்லை. அதனால் கேள்விக்காரி வந்தபோது, பண்டிகை விடுமுறை கேட்காத ஒன்று நமக்குத் துணைக்கு வந்ததே என்று மனதார நன்றி சொன்னவள் அவள்.

இட்லியை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

ஓட்டுநர் இல்லாத ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு 'சி' பிளாக் வாசலில் போய் நின்றது. நின்றதும் தன் கடமையை மறக்காமல், "மீதமுள்ள நேரம், எழுபத்தெட்டு நிமிடங்கள்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது. மூன்று பிளாக்குக்கும் அது கேட்டிருக்கும்.

மூன்றாம் மாடியின் நீள வராந்தாவில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஏற்றுமதிக் கம்பெனிக்காகச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். கை உரிக்க, வாய் ஊரை உரித்துக்கொண்டிருந்தது. ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவர்களில் மூத்தவளான பவுனுத்தாய் கழுத்தைத் திருப்பிக் குரல் கொடுத்தாள்.

"ஏ மித்ரா! ஒன் மகனத் தூக்க வண்டி வந்திருச்சு தாயி!"

மித்ரா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். இருபத்து மூன்று வயது. நைட்டியின்மேல் ஒரு துண்டைக் குறுக்காகக் கட்டி, அதற்குள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். குல்லாய் போட்ட சின்னத் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அவனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வராந்தாவே அவனைக் கட்டெறும்பு என்றுதான் கூப்பிட்டது.

"தர மாட்டேன் சிஸ்டர்."

"யாரும் பிடுங்கிட்டுப் போகலம்மா. ரெண்டு நாள் வச்சுப் பார்த்துட்டு அனுப்பிடுவாங்க."

"போன தடவையும் ரெண்டு நாள்னுதான சொன்னீங்க? ஒம்போது நாள் ஆச்சு. அதுக்கு முந்தின தடவ ஆறு நாள்."

உண்மைதான். கட்டெறும்பு ஏற்கெனவே இரண்டு முறை திரும்பிப் போய் வந்தவன். வெளியிலிருந்து வரும் குழந்தைகளைத் தனிப்பிரிவில் வைப்பார்கள். தொற்று பயத்தில் தாயை உள்ளே விடுவது ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். மீதி நேரமெல்லாம் புட்டிதான். முதல் முறை திரும்பி வந்தபோது அவனுக்கு மார்பில் வாய் வைக்கவே மறந்துபோயிருந்தது. மித்ராவுக்கும் பால் வற்றிவிட்டது. நாள் முழுக்க அவனை நெஞ்சில் கட்டிக்கொண்டு, பீய்ச்சிப் பீய்ச்சிப் பாலைத் திரும்ப வரவழைத்தாள். இரண்டாம் முறையும் அதே பாடு. மூன்றாவது முறை சேர்த்தால் அதோடு சரி. 'அளவுப் பால்' திட்டத்தில் போட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு வீட்டிலும் பவுடர் பால், புட்டி, கோடு. அப்படிப் போன குழந்தைகளில் பாதி வயிற்றுப்போக்கோடு நான்காம் முறையும் வந்ததை ஜெசிந்தாவே பார்த்திருக்கிறாள். அது ஏன் என்று யோசித்ததில்லை.

"சரி, நீயே சொல்லு. எப்படிக் குடிக்கிறான்?" என்றாள்.

மித்ரா வெங்காயக் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏதோ... உதட்ட நனைக்கிற அளவுக்குக் குடிக்கிறான்."

"உதட்டை நனைக்கிற அளவுக்குக் குடிக்கிற பிள்ளையை வீட்டுல வச்சு என்ன பண்ணப் போற? நகரும்மா."

மித்ரா நகரவில்லை. ஜெசிந்தாவின் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள். பிறகு காதருகே வந்து, திருட்டுப் பொருளைப் பற்றிப் பேசுகிறவளின் குரலில் சொன்னாள்.

"நல்லா குடிக்கிறான் சிஸ்டர். ரெண்டு பக்கமும் காலி பண்ணிட்டுத்தான் விடுறான்."

"அப்புறம் ஏன் வெளியில அப்படிச் சொன்ன?"

"வெளிய சொல்லலாமா? அம்புட்டுப் பேரு ஒக்காந்திருக்காக. பிள்ள நல்லா குடிக்கிறான்னு வாய்விட்டுச் சொன்னா கண்ணு பட்றாதா? அதுலயும் இவன் எலிக்குஞ்சு மாதிரி பொறந்து பொழைச்சவன்."

"சரி, எங்ககிட்டதான் அப்படி. கேள்விக்காரி கேட்டப்போ என்ன சொன்ன?"

"அது எப்ப கேக்குது? காலைல ஏழு மணிக்கு. தண்ணி வர்ற நேரம். வராந்தா பூரா ஆளு. போன எடுத்தாலே ஊருக்கே கேக்குற மாதிரி கத்துது. மூணாம் வீட்டுப் பவுனக்கா எம்பக்கத்துலயே நின்னாக. 'என்னத்தக் குடிக்கிறான், பேருக்குக் குடிக்கிறான்'னு சொன்னேன்."

"எப்பவும் அப்படித்தான் சொல்லுவியா?"

"வேற எப்படிச் சொல்லுவாக?" என்றாள் மித்ரா. கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை.

ஜெசிந்தா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கேள்விக்காரி வந்த இந்த இரண்டரை வருடங்களாக எத்தனை வீடுகளில், எத்தனை வாசல்களில் இதே பதிலைக் கேட்டிருக்கிறாள். ஏதோ குடிக்குது. பேருக்குக் குடிக்குது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணும் அதைக் கேட்டால், சரி, பிள்ளை நன்றாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு போவாள். தன் அக்கா பிள்ளையைப் பற்றி அக்கா அப்படிச் சொன்னால் ஜெசிந்தாவும் சிரித்துக்கொண்டுதான் போயிருப்பாள். சீருடை போட்டுக்கொண்டு கேட்டபோது மட்டும் அவளுடைய காதும் இயந்திரத்தின் காதாகிப் போயிருந்தது.

ஆனால் பிள்ளையைக் கொடுக்க மனமில்லாத தாய் என்ன வேண்டுமானாலும் சொல்லுவாள் என்பதும் அவளுக்குத் தெரியும். பையிலிருந்து எடைத்தட்டை எடுத்தாள்.

"பால் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு எடை, கொடுத்த பின்னாடி ஒரு எடை. எவ்வளவு கூடுதோ அவ்வளவு குடிச்சிருக்கான்."

"எடையெல்லாம் போட்டா..." என்று மித்ரா இழுத்தாள்.

"கதவு சாத்தியாச்சு, ஜன்னல் சாத்தியாச்சு. என் கண்ணு படாது. நான் கழுவிட்டுத்தான் வந்திருக்கேன். கொடு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கிராம். கட்டெறும்பு தாயின் மார்பில் வாய் வைத்தான். நாலு இழு, ஒரு விழுங்கல், மூச்சு விட ஓர் இடைவெளி, மறுபடி நாலு இழு. விழுங்குகிற சத்தம் காதில் கேட்டது. இருபது நிமிடம் கழித்துத் தட்டில் போட்டபோது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு. முப்பத்தாறு மில்லி.

கீழே வண்டி, "மீதமுள்ள நேரம், முப்பத்தைந்து நிமிடங்கள்" என்றது. ஜெசிந்தா டாக்டர் ஹபீபாவைக் கூப்பிட்டாள். பிரிவின் தலைவர் அவர்தான். நான்கு வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் கேள்விக்காரியை இந்த மருத்துவமனைக்கு வாங்கி வந்தவரும் அவர்தான்.

"எண்பத்தொண்ணு ஜெசிந்தா. இன்னும் அங்க என்ன பண்றீங்க?"

ஜெசிந்தா முப்பத்தாறு மில்லியைச் சொன்னாள். வெங்காயக் கூட்டத்தைச் சொன்னாள். கண் படுவதைச் சொன்னாள். ஹபீபா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுது. எங்க அம்மாவும் அப்படித்தான் பேசுவாங்க. ஆனா ஒரு தடவை குடிச்சதை வச்சு முடிவு பண்ண முடியாது. கேள்விக்காரி நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியா சொல்லுது. சிவப்புன்னு அது சொன்ன குழந்தைங்க எல்லாமே திரும்பி வந்திருக்கு."

"எப்படி மேடம் வராம இருக்கும்? நான்தான் போய்த் தூக்கிட்டு வந்துடறேனே."

ஜெசிந்தாவுக்கே தான் சொன்னது சொன்ன பிறகுதான் முழுதாக உறைத்தது. விடாமல் பேசினாள்.

"அது வரும்னு சொல்லுது. நான் தூக்கிட்டு வர்றேன். பாரு, நான் சொன்ன மாதிரியே வந்துடுச்சுன்னு அது படிச்சுக்குது. அடுத்த தடவை இன்னும் தைரியமா சொல்லுது. சிவப்புன்னு சொல்லியும் நாம தூக்காம விட்ட ஒரே ஒரு குழந்தையைக் காட்டுங்க மேடம். அது என்ன ஆச்சுன்னு பார்த்துட்டு நான் பேசாம தூக்கிட்டு வந்துடறேன்."

"அப்படி ஒரு குழந்தை இல்ல," என்றார் ஹபீபா கடைசியில். "எப்படி விடுவோம்? யாருக்கு மனசு வரும்?"

"அப்ப இவன்தான் முதல்."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் குழந்தையைவிட்டு நகரவில்லை. கேள்விக்காரி சொன்னது உண்மையாக இருந்துவிட்டால், இன்னொரு வீட்டில் இன்னொரு சேலையை அவிழ்த்து மடிப்பார்கள். இந்த முறை விருந்தாட்கள் வந்ததால் இல்லை, அவளுடைய புத்திசாலித்தனத்தால். தூக்கிப் போய்விட்டால் அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. மித்ராவின் பால்தான் போகும், அதற்கு யாரும் யாரையும் விசாரிக்கப் போவதில்லை.

ஹபீபா நிதானமாகச் சொன்னார். "சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் அங்கேயே இருங்க. ஒவ்வொரு தடவையும் எடை போடுங்க. ஆறு மணிக்குள்ள நூறு மில்லி குடிக்கணும். உடம்புச் சூடு முப்பத்தாறுக்குக் கீழ இறங்கினா என்னைக் கேக்க வேண்டாம், தூக்கிட்டு ஓடி வாங்க. உத்தரவு என் பேர்ல இருக்கட்டும்."

"ரெண்டு பேர் பேர்லயும் இருக்கட்டும் மேடம்."

ஆம்புலன்ஸ் கடைசி நிமிடம்வரை எண்ணி முடித்து, "நேரம் முடிந்தது" என்று அறிவித்தது. யாரும் வரவில்லை என்றதும் என்ன செய்வதென்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதையே சொல்லிக்கொண்டு வெயிலில் நின்றது. நாலாவது தடவை யாரோ மாடியிலிருந்து, "கேட்டாச்சுய்யா, போ!" என்று கத்தினார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்கு முப்பத்தொரு மில்லி. அறுபத்தேழு ஆயிற்று. ஜெசிந்தாவுக்குக் கொஞ்சம் பசி எடுத்தது. மித்ரா வைத்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டாள்.

இரண்டே முக்காலுக்கு எழுப்பியபோது கட்டெறும்புக்கு எழ மனமில்லை. இரண்டு இழு இழுத்தான், வாய் திறந்தபடியே தூங்கிவிட்டான். உள்ளங்காலைத் தட்டினாள், காதுமடலைத் தேய்த்தாள். ம்ஹூம். எடை போட்டால் ஒன்பது கிராம். கொலுசு முப்பத்தாறு புள்ளி ஒன்று காட்டியது. காலையில் முப்பத்தாறு புள்ளி எட்டு இருந்தது.

கேள்விக்காரிதான் சரி, நான்தான் முட்டாள் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. எழுந்து பையை மாட்டிக்கொண்டாள். எடைத்தட்டை எடுக்கக் குனிந்தாள்.

"கிளம்பு மித்ரா. என்னால முடியாது. இதுக்குமேல என்னால பார்த்துக்கிட்டு இருக்க முடியாதும்மா."

மித்ரா அழவில்லை, கெஞ்சவுமில்லை. குழந்தையின் அடியில் கை வைத்துப் பார்த்து, "துணி நனைஞ்சு கெடக்கு சிஸ்டர், அதான் குளுந்திருச்சு" என்றாள். சரசரவென்று ஈரத்துணியை உருவி, காய்ந்த துணி கட்டி, சட்டை இல்லாமல் அவனைத் தன் வெறும் நெஞ்சில் குப்புறப் போட்டு, மேலே கம்பளியைச் சுற்றினாள். "அரைமணி நேரம் குடுங்க. காலைல இருந்து இருந்தீங்கள்ல, இன்னும் அரைமணி நேரம்."

ஜெசிந்தா பையைக் கழற்றாமலே நின்றாள். கொலுசின் எண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள். புள்ளி ஒன்று. புள்ளி ஒன்று. புள்ளி இரண்டு. மனதுக்குள் அவள் ஜெபம் செய்தாள், எதற்கு என்று கேட்டால் வெட்கமின்றிச் சொல்லுவாள், ஒரு புள்ளிக்காக. புள்ளி நான்கு. இருபத்தைந்து நிமிடத்தில் புள்ளி ஏழு. கட்டெறும்பு தலையைத் தூக்கினான், முகத்தைச் சுளித்தான், தாயின் நெஞ்சைக் குனிந்து குனிந்து தேடினான். அடுத்த இருபது நிமிடத்தில் நாற்பத்தொரு மில்லி குடித்தான்.

நூற்றுப் பதினேழு. ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, யாருக்கும் காட்டாமல் அழுதாள்.

அழுது முடித்து முகம் கழுவ வராந்தாவுக்கு வந்தபோது அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. கொடியில் வரிசையாகக் கட்டெறும்பின் துணிகள். கடைசியாகப் போட்ட துணியிலிருந்து பவுனுத்தாயின் தட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏ மித்ரா! ஒன் மகன் துணித் தண்ணி என் வெங்காயத்துல சொட்டுது. இது வெளிநாட்டுக்குப் போற சரக்குடி!"

"நான் என்னக்கா செய்ய? விடிஞ்சதுல இருந்து ஒம்போது துணி! தொவைச்சுத் தொவைச்சுக் கை செத்துப்போச்சு!" உள்ளேயிருந்து மித்ரா முழுத் தொண்டையில் கத்தினாள்.

"நேத்து பதிமூணு. நான் எண்ணினேன்," என்றாள் இன்னொருத்தி. "கட்டெறும்பு இல்லடி இவன், கண்மாய் மடை."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தா சிரிக்க மறந்து கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போனதுதானே வெளியே வரும்? ஒரு நாளைக்கு ஆறு துணி நனைந்தால் பிள்ளைக்குப் பால் போதும் என்பது செவிலியர் படிப்பின் முதல் வருடப் பாடம். பால் குடிப்பதை வாய்விட்டுச் சொல்லப் பயப்படுகிற ஊர், மூத்திரத் துணியைப் பற்றி ஊர் கேட்கக் கத்துகிறது. மூத்திரத்தின்மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்?

ஆறு மணிக்குள் இன்னொரு முப்பத்துநான்கு சேர்ந்து நூற்றைம்பத்தொன்று ஆகியிருந்தது. சரியாக ஆறுக்குக் கைபேசி அலறியது. "அம்மா, பாப்பா நல்லா பால் குடிக்குதா?"

வராந்தா நிறைய ஆட்கள். மித்ரா ஜெசிந்தாவைப் பார்த்தாள், வராந்தாவைப் பார்த்தாள். "ஏதோ... குடிக்கிறான்" என்றாள். மதிப்பெண் எண்பத்தாறுக்கு ஏறியது. கீழே வண்டி மறுபடி உற்சாகமாகி, "மீதமுள்ள நேரம், நூற்றிருபது நிமிடங்கள்" என்றது. ஜெசிந்தா அதை வெறும் வண்டியாக மருத்துவமனைக்குத் திருப்பி அனுப்பினாள்.

முப்பது நாளும் அவள் தினம் போனாள். முப்பதாம் நாள் கட்டெறும்பு இரண்டு கிலோ எழுநூற்று முப்பது கிராம். வருவான் என்று சொல்லப்பட்டு வராத முதல் குழந்தை அவன். தொண்ணூற்றெட்டில் அவன் ஓர் ஓட்டை போட்டான்.

ஓர் ஓட்டையைப் பார்த்துவிட்டால் ஹபீபாவால் சும்மா இருக்க முடியாது. சிவப்பு வந்த நாற்பது குழந்தைகளுக்கு, வீட்டிலேயே ஒரு நர்சை உட்காரவைத்து எடை போட்டுப் பார்த்தார். முப்பத்தொரு குழந்தைகள் நன்றாகக் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்பது குழந்தைகளைக் கேள்விக்காரி சரியாகத்தான் சொல்லியிருந்தது, அந்த ஒன்பதும் அதனால்தான் பிழைத்தன. ஆகவே அதைத் தூக்கிக் குப்பையில் போடவும் முடியாது.

சென்னையில் நடந்த கூட்டத்துக்கு ஜெசிந்தாவையும் அழைத்துப் போனார். கேள்விக்காரியைச் செய்த பொறியாளர் நல்ல பையன், உண்மையாகவே கவலைப்பட்டான். "கண் படுதுங்கற பயத்தை எப்படி எண்ணா மாத்தறதுன்னுதான் தெரியல மேடம். ஊருக்கு ஊர் மாறும், வீட்டுக்கு வீடு மாறும். பத்து வருஷப் பதிவு வேணும்."

"அதை மாத்த வேண்டாம் சார்," என்றாள் ஜெசிந்தா. அந்தக் கூட்டத்தில் அவள் பேசியது அவ்வளவுதான். "கேள்வியை மாத்துங்க."

அடுத்த தையில் இருந்து கேள்விக்காரி வேறு மாதிரி கேட்டது. "அம்மா, இன்னிக்கு எத்தனை துணி துவைச்சீங்க?" முதல் வாரத்திலேயே மாவட்டம் முழுக்கப் புகார் மழை. எட்டு, பத்து, பதினொன்று, கை போச்சு, சோப்பு போச்சு, இடுப்பு போச்சு. நேரம் முடிந்தும் பேசிக்கொண்டே இருந்தார்கள். இப்படி ஒருத்தி உட்கார்ந்து கேட்க மாட்டாளா என்று ஏங்கிக் கிடந்தவர்கள் போலப் பேசினார்கள். சிவப்புகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. தனிப்பிரிவில் ஆள் குறைந்ததால் ஒவ்வொரு குழந்தைக்கும் பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டில் போட இடம் கிடைத்தது. பழைய கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஹபீபா ஓரமாக ஓடவிட்டிருந்தார்.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஒன்றரைக்கு, கைபேசி மூன்று முறை அதிர்ந்தது. வங்கி ஊழியர் காலனி, தனி வீடு, சுபிக்ஷாவின் குழந்தை, பெண், இருபத்தெட்டாம் நாள். புதிய கணக்கில் எழுபத்தேழு. பக்கத்திலேயே பழைய கணக்கு பச்சையில் இருபத்திரண்டு காட்டியது.

இவ்வளவு தூரம் இரண்டும் விலகி ஜெசிந்தா பார்த்ததில்லை. வண்டியில் போகும்போதே தாயின் பதிலைப் போட்டுக் கேட்டாள். அமைதியான, படித்த குரல். சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. "துணியா? நேத்துல இருந்து ரெண்டுதாங்க. தொந்தரவே கிடையாது, ரொம்பச் சமர்த்துப் பொண்ணு. நல்லா குடிக்கிறா, நல்லா தூங்குறா. நாமதான் எழுப்ப வேண்டியிருக்கு."

பதில் முடிவதற்குள் ஜெசிந்தா வண்டியின் வேகத்தைக் கூட்டச் சொல்லிவிட்டாள்.

துடைத்து வைத்த வீடு. சுபிக்ஷா சிரித்த முகமாகக் கதவைத் திறந்து, "என்ன சிஸ்டர், அவசரமா?" என்றாள். தொட்டிலில் குழந்தை அழகாகத் தூங்கிக்கொண்டிருந்தது. உதடு காய்ந்திருந்தது. உள்ளங்கால்வரை காமாலை மஞ்சள் ஏறியிருந்தது. தட்டினாலும் தேய்த்தாலும் கண் திறக்கவில்லை. மார்பில் வைத்தால் இரண்டு இழு, அத்தோடு தூக்கம். எடை போட்டால் மூன்று கிராம். கொலுசு சூடு சரி, மூச்சு சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. இன்னும் அரைநாள் போயிருந்தால் அதுவும் அப்படிச் சொல்லியிருக்காது.

வண்டியில் சுபிக்ஷா குழந்தையை மடியில் வைத்துப் போர்வையை இழுத்து இழுத்து மூடினாள். "வீட்ல நானும் இவளும் மட்டும்தான் சிஸ்டர். யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல. அழவே இல்லையே, நல்லாத்தானே இருக்கான்னு நினைச்சுட்டேன். எல்லார்கிட்டயும் சமர்த்து சமர்த்துன்னு..."

"சமர்த்தா இருக்கறது இவங்க வேலை இல்லம்மா," என்றாள் ஜெசிந்தா. "அழுது வீட்டை ரெண்டாக்கணும். அதுக்குத்தான் போறோம். நீயும் கூடவே இரு, உன் கட்டில் பக்கத்துலயே இருக்கும்."

மஞ்சளுக்கு நீல விளக்கின் கீழே போட்டார்கள். சுபிக்ஷா பீய்ச்சிய பாலை இரண்டு மணிக்கு ஒருமுறை பாலாடைச் சங்கில் துளித்துளியாகப் புகட்டினார்கள். முதல் நாள் பாதி கடைவாயில் வழிந்தது. இரண்டாம் நாள் விழுங்கினாள். பொட்டு அசைவு தெரிந்ததும் சுபிக்ஷா எழுந்து நின்று பார்ப்பாள், மறுபடி உட்காருவாள்.

மூன்றாம் நாள் காலையில், சுபிக்ஷா முகம் கழுவப் போயிருந்த நேரம், குழந்தை ஜெசிந்தாவின் மடியில் இருந்தது. முகத்தைச் சுளித்தது. வாயைச் சப்பியது. ஒரு கையை உதறிக் கண்ணைத் திறந்து, விளக்கைப் பார்த்து எரிச்சலோடு வீறிட்டது. அதே நேரத்தில் ஜெசிந்தாவின் மடியில் வெதுவெதுப்பாக ஈரம் பரவியது. துணியைத் தாண்டி, சீருடையைத் தாண்டி, தொடைவரை நனைந்துவிட்டது.

அழுகை கேட்டு முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்த சுபிக்ஷா, "ஐயோ, சாரி சிஸ்டர், உங்க டிரஸ்!" என்று பதறினாள்.

ஜெசிந்தா அசையவில்லை.

"பேனா இருக்கா?" என்றாள். "ஒண்ணுன்னு எழுது."